துப்பாக்கி வந்த பாதை – 17: துடைக்கத் தேவையில்லாத துப்பாக்கி

1967 மே மாதம். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் நியூஜெர்சி உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவர்ட் எழுந்து ஒரு கடிதத்தை வாசித்தார். வியட்நாமில் இருந்த மரைன் படைவீரர் ஒருவர் வீட்டுக்கு எழுதியது அது. ஆஸ்பரி பார்க் நகர நாளிதழ் ஏற்கெனவே அதை வெளியிட்டிருந்தது. மலைச் சண்டையில் எங்கள் ஆட்களில் பலரைக் கொன்றது எதிரி அல்ல, எங்கள் கையில் கொடுத்த துப்பாக்கிதான் என்பது கடிதத்தின் சாரம். இறந்து கிடந்தவர்களின் பக்கத்தில் அவர்களுடைய துப்பாக்கிகள் பிரித்துப் போட்ட நிலையில் கிடந்தன என்றும், சிக்கிய தோட்டாவை எடுக்கப் போராடியபடியே அவர்கள் மாண்டார்கள் என்றும் அவர் எழுதியிருந்தார்.

அந்தத் துப்பாக்கி எம்16. உலகின் பெரும்பணக்கார ராணுவம் தன் வீரர்களுக்குக் கொடுத்த புத்தம்புதிய ஆயுதம். குற்றச்சாட்டு வந்ததும் ராணுவத்தின் முதல் பதில் சுருக்கமாக இருந்தது: பையன்கள் துப்பாக்கியைச் சுத்தம் செய்வதில்லை.

அது பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. மறுபாதி வீரர்களின் கையில் இல்லை. வாஷிங்டன் அலுவலகங்களின் கோப்புகளில் இருந்தது. இந்த அத்தியாயம் அந்த இரண்டு பாதிகளையும் பற்றியது.

கையின் வேலையைப் புகை செய்தபோது

சென்ற இதழில், 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஜான் காரண்டின் எம்1 துப்பாக்கியைப் பார்த்தோம். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய அவசியத்தை அது ஒழித்தது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். நம் ஊர்க் காவலர்கள் எஸ்.எல்.ஆர். என்று அழைக்கும் துப்பாக்கியும் இந்த வகைதான்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பழைய த்ரீ நாட் த்ரீயில் (லீ-என்ஃபீல்டு) மண்ணோ துருவோ சேர்ந்து போல்ட் இறுகினால், வீரன் கைப்பலத்தைக் கூட்டி இழுப்பான். அடம்பிடித்தால் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவான். மனிதக் கைக்குத் தேவையை அறிந்து பலத்தைக் கூட்டத் தெரியும். தானாக ஏற்றும் துப்பாக்கியில் அந்த வேலையைச் செய்வது, குண்டுக்குப் பின்னால் குழலில் பாயும் வாயுவின் ஒரு சிறு பங்கு. அதன் பலம் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கப்பட்டது. அழுக்கு கூடினாலும் அந்தப் பலம் கூடாது.

ஒரு முறை சுடுவதற்குள் நடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். மேகசினிலிருந்து தோட்டா மேலேற வேண்டும். அறைக்குள் முழுதாக நுழைய வேண்டும். போல்ட் பூட்ட வேண்டும். ஊசி குத்த வேண்டும். மருந்து வெடித்த பின் போல்ட் பூட்டு திறக்க வேண்டும். கொக்கி காலித் தோட்டாவை விளிம்பில் பிடித்து இழுக்க வேண்டும். அது வெளியே தெறிக்க வேண்டும். பின்னோக்கிப் போன போல்ட் சுத்தியலை மறுபடி நாணேற்ற வேண்டும். எட்டு வேலைகள், கண்ணிமைக்கும் நேரத்தில். ஒன்று தவறினால் மற்ற ஏழும் நிற்கும். தோட்டா ஏறாமல் போவது, அறையில் பாதியில் நிற்பது, காலித் தோட்டா வெளியே வராமல் அடைத்துக்கொள்வது, வெளியே வரும்போது கதவிடுக்கில் மாட்டுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோளாறு உண்டு. வீரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: ஜாம்.

உப்பின் கதை

காரண்டின் காலத்தில் பெரிய எதிரி கரி அல்ல, உப்பு. அன்றைய .30 தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறும். சமையல் உப்பின் நெருங்கிய உறவினரான இந்தப் பொருள், குழலின் உள்ளே படிந்து காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஓரிரு நாளில் எஃகில் துரு பிடிக்கும். எண்ணெய் பூசினால் போதாது. எண்ணெயில் உப்பு கரையாது. அதனால் அக்காலச் சிப்பாய்கள் வெந்நீரும் சோப்பும் கொண்டு குழலைக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய் இட்டார்கள்.

இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் ஒரு நல்ல முடிவும் எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்காக உருவான சிறிய எம்1 கார்பைனில், வாயு தள்ளும் பிஸ்டனைக் களத்தில் கழற்றிச் சுத்தம் செய்வது எளிதல்ல. ஆகவே அந்தத் தோட்டாவுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே துருவேற்றாத பிரைமரை விதித்தார்கள். வீரனால் எட்ட முடியாத இடத்தில் அழுக்கு சேரக் கூடாது. சேருமானால் அதை வடிவமைப்பாளரும் தோட்டா தயாரிப்பவரும் சேர்ந்து தடுக்க வேண்டும் என்ற புரிதல் 1940களின் தொடக்கத்திலேயே இருந்தது.

மழையில் காரண்டின் உராயும் பாகங்களில் எண்ணெய் கழுவிப்போய் போல்ட் இறுகியபோது, எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டியான கிரீஸைக் கொடுத்தார்கள். பசிபிக் தீவுகளின் ஈரத்தில் துருவேறிய குழல்களைப் பார்த்த அனுபவத்தில், பின்னால் வந்த எம்14 துப்பாக்கிக்குக் குழலின் உட்புறத்தில் குரோமியம் பூசினார்கள். ஆக, பாடங்கள் எல்லாம் ஏட்டில் இருந்தன. அடுத்த துப்பாக்கி வந்தபோது அந்த ஏட்டை யாரும் புரட்டவில்லை.

தர்ப்பூசணியைச் சிதறடித்த துப்பாக்கி

பின்னாளில் எம்16 என்று பெயர்பெற்ற ஏஆர்-15 ராணுவ ஆயுதசாலையில் பிறந்ததல்ல. விமானம் தயாரித்த ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் ஒரு சிறு பிரிவான ஆர்மலைட், கலிஃபோர்னியாவின் ஹாலிவுட்டில் இயங்கியது. அங்கே யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த 7.62 மி.மீ. ஏஆர்-10 துப்பாக்கியைச் சுருக்கி, சிறிய, வேகமான தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியதுதான் ஏஆர்-15. அலுமினிய உடல், பிளாஸ்டிக் பின்கட்டை. தூக்கினால் மூன்று கிலோவை ஒட்டிய எடை. 1959இல் உரிமையைக் கோல்ட் நிறுவனம் வாங்கியது.

1960 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். மேரிலாந்தில் ஒரு விருந்தில் விமானப்படை ஜெனரல் கர்ட்டிஸ் லெமேயின் கையில் அந்தத் துப்பாக்கியைக் கொடுத்து, தூரத்தில் தர்ப்பூசணிகளை வைத்தார்கள். சுட்டார்; பழங்கள் சிதறின; லெமே மயங்கினார். விமானத் தளங்களைக் காவல் காக்க அதை வாங்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1962இல் ஆயிரம் துப்பாக்கிகள் சோதனைக்காகத் தென் வியட்நாம் ராணுவத்துக்குப் போயின. நல்ல பெயர் கிடைத்தது. 1963 இறுதியில் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா தரைப்படைக்கு 85,000, விமானப்படைக்கு 19,000 என வாங்க அனுமதித்தார். ஒரே ஒரு முறை வாங்குகிறோம், அவ்வளவுதான் என்பது அன்றைய எண்ணம்.

தற்காலிக ஏற்பாடு என்று நினைத்ததால் தரைப்படையின் ஆயுதத் துறை இதைத் தன் பிள்ளையாக நினைக்கவில்லை. குழலுக்குக் குரோமியம் பூசுவது எம்14இல் வழக்கமாகியிருந்தும் இதற்குப் பூசவில்லை. ஆனால் மாற்றக் கூடாத ஒன்றை மாற்றினார்கள்.

மருந்து மாறியது

ஸ்டோனர் இந்தத் துப்பாக்கியை டூபாண்ட் நிறுவனத்தின் ஐஎம்ஆர் 4475 என்ற வெடிமருந்தைக் கொண்டு சீர்செய்திருந்தார். நுண்ணிய குச்சிகளைப் போன்ற மருந்து அது. ராணுவமோ குண்டு வினாடிக்கு 3,250 அடி வேகத்தில் கிளம்ப வேண்டும், அதே சமயம் அறைக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 52,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. பெருமளவு உற்பத்தியில் ஐஎம்ஆர் மருந்தால் இரண்டையும் ஒருசேர எட்ட முடியவில்லை. 1964இல் ஆலின் நிறுவனத்தின் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்து அனுமதி பெற்றது.

உருண்டை மருந்து மோசமான பொருள் அல்ல. 1930களிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, பல தோட்டாக்களில் நன்றாக வேலை செய்த ஒன்று. சிக்கல் அது இந்தத் துப்பாக்கிக்குள் எப்படி எரிந்தது என்பதில் இருந்தது. பழைய மருந்தைவிட மெதுவாக எரிந்ததால், குழலில் வாயுவை எடுக்கும் துளையைக் குண்டு கடக்கும்போது அழுத்தம் முன்பைவிட அதிகமாக இருந்தது. விளைவு, போல்ட்டைத் தள்ளும் பலம் கூடியது. நிமிடத்துக்கு 650 முதல் 850 வரை என்று வகுத்திருந்த தானியங்கி வேகம் அந்த எல்லையைத் தாண்டியது. வேகம் கூடினால் பூட்டு சீக்கிரமே திறக்கும். வெடிப்பில் விரிந்த காலித் தோட்டா சுருங்கி அறைச் சுவரை விடுவதற்குள் கொக்கி அதை இழுக்கத் தொடங்கும்.

இரண்டாவது சிக்கல் படிவு. உருண்டை மருந்தில் அமிலத்தை அடக்குவதற்காகச் சேர்த்த கால்சியம் கார்பனேட் இருந்தது. சுண்ணாம்புக்கல்லின் சரக்கேதான். ஸ்டோனரின் வடிவமைப்பில் குழலிலிருந்து எடுக்கும் வாயு, ஒரு மெல்லிய குழாய் வழியே நேராகப் போல்ட்டைச் சுமக்கும் பாகத்துக்குள்ளேயே போய்ச் சேரும். நடுவில் பிஸ்டன் கம்பி இல்லை. எடை குறைந்ததும், சுடும்போது துப்பாக்கி அதிகம் துள்ளாததும் அந்த அமைப்பால்தான். ஆனால் மருந்து எரிந்த மிச்சமெல்லாம் துப்பாக்கியின் இதயத்துக்கே வந்து சேரும். கரி அடைந்த பம்ப் ஸ்டவ்வின் நாசிலைப் போலத்தான் அந்தக் குழாயின் கதையும். ஸ்டவ்வுடன் ஒரு பின்னையாவது கொடுப்பார்கள். இங்கே அதுவும் தரவில்லை.

இவை பின்னால் தெரிந்த உண்மைகள் அல்ல. கோல்ட் நிறுவனம் 1964இலேயே கையை விரித்தது: உருண்டை மருந்துத் தோட்டாவைக் கொண்டு சோதித்தால் எங்கள் துப்பாக்கிகள் வேக எல்லைக்குள் நிற்க மாட்டா. ராணுவம் கண்ட தீர்வு விசித்திரமானது. தொழிற்சாலைச் சோதனையைப் பழைய மருந்தால் நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. பழைய மருந்தில் தேறிய துப்பாக்கிகள் போர்க்களத்தில் புது மருந்தைச் சுடப் போயின. 1965 இறுதியில் ராணுவமே நடத்திய சோதனையில், உருண்டை மருந்தால் கோளாறுகள் ஏறத்தாழ ஆறு மடங்காகின்றன என்று தெரிந்தது. தோட்டா வரத்து நிற்கவில்லை.

பின்னாளில் பிரதிநிதிகள் அவையின் விசாரணையில் ஸ்டோனர் சொன்னது கவனிக்கத்தக்கது. மருந்து மாற்றத்தைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டார்கள். ஆனால் முடிவெடுத்த பிறகு கேட்டார்கள். அவர் அதை ஆதரிக்கவில்லை.

சுத்தம் தானே செய்துகொள்ளுமாம்

1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் முதலாம் குதிரைப்படைப் பிரிவு பெரும் சண்டையைச் சந்தித்தது. ஹால் மூர் தலைமையிலான வீரர்கள் எம்16ஐ ஏந்தியிருந்தார்கள். துப்பாக்கி நன்றாக உழைத்தது என்று மூர் பாராட்டினார். உடனே வியட்நாமில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட் தன் படைகள் அனைத்துக்கும் இதே துப்பாக்கி வேண்டும் என்று அவசரமாகக் கேட்டார். ஒரு விவரம் அந்த அவசரத்தில் மறைந்துபோனது. மூரின் ஆட்கள் அமெரிக்காவிலேயே இந்தத் துப்பாக்கியுடன் பயிற்சி பெற்று, அதன் குணம் அறிந்து வந்தவர்கள்.

1966இல் மற்றப் படைகளுக்கு அது அப்படிப் போகவில்லை. முந்தைய வாரம் வரை எம்14 வைத்திருந்தவனுக்குக் களத்திலேயே எம்16 கிடைத்தது. எப்படிப் பிரிப்பது, எங்கே எண்ணெய் விடுவது என்று பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பராமரிப்பு அதிகம் தேவையில்லாத துப்பாக்கி என்ற விற்பனைப் பேச்சு, வாய்வழியாக வளர்ந்து, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் துப்பாக்கி என்றாகிவிட்டது.

நம்பாமல் சுத்தம் செய்ய நினைத்தவனுக்கும் வழியில்லை. 5.56 மி.மீ. குழலுக்குள் பழைய .30 துப்பாக்கியின் கம்பி நுழையாது. புதுக் கம்பியும், அறையைத் தேய்க்கும் தூரிகையும், உரிய எண்ணெயும் போதுமான அளவில் வந்து சேரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைத்த லீ-என்ஃபீல்டின் பின்கட்டையில்கூட ஒரு பித்தளைக் கதவு இருந்தது. அதற்குள் எண்ணெய்ப் புட்டியும் குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் புல்-த்ரூ கயிறும் இருக்கும் என்பது என்.சி.சி.யில் அதைப் பிடித்தவர்களுக்கு நினைவிருக்கும். விண்வெளி யுகத்தின் துப்பாக்கி என்று பேர் வாங்கிய எம்16இன் பின்கட்டையில் அப்படி ஒரு பொந்து இல்லை.

இத்துடன் வியட்நாமின் மழையும் புழுக்கமும் சேர்ந்தன. குரோமியம் பூசாத அறைச் சுவரில் துரு பிடித்து, கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்தன. சுடும்போது விரியும் பித்தளைத் தோட்டா அந்தக் குழிகளில் போய் அழுந்திப் பிடித்துக்கொண்டது. போல்ட்டோ உருண்டை மருந்தின் வேகத்தில் சீக்கிரம் திறந்து இழுத்தது. கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெறுங்கையோடு பின்னால் போனது. அடுத்த தோட்டா ஏறி, அறைக்குள் அடைந்திருந்த காலித் தோட்டாவின் முதுகில் முட்டி நின்றது.

இந்தக் கோளாறைக் களத்தில் தீர்க்க ஒரே வழி, குழலின் வாய் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளுவது. ஆகவே கம்பி கிடைத்தவர்கள் அதைத் துப்பாக்கியின் பக்கத்தில் டேப்பால் ஒட்டி எடுத்துப் போனார்கள். 20 தோட்டா கொள்ளும் மேகசினில் 18தான் போட்டார்கள். ஸ்பிரிங்குக்குச் சிரமம் குறையட்டும் என்று. இவை வீரர்கள் தங்களுக்குள் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம்.

புகார்கள் குவிந்ததும் 1966இல் ராணுவமும் கோல்ட் நிறுவனமும் ஆட்களை அனுப்பின. கோல்ட் பிரதிநிதி கண்ட காட்சியில் வீரர்கள் தரப்புக் குறையும் தெளிவாக இருந்தது. சில துப்பாக்கிகளின் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியவில்லை. அவ்வளவு துருவும் கரியும். ராணுவம் இந்தச் சாட்சியத்தை இறுகப் பற்றிக்கொண்டது. துடைக்காதவன் குற்றவாளி, கோப்பை மூடலாம்.

1967 வசந்தத்தில் மரைன் படைக்கும் எம்16 வந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் கேசான் குன்றுகளில் நேருக்கு நேர் சண்டை. வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு வரத் தொடங்கியது. அவற்றில் ஒன்றைத்தான் ஹோவர்ட் வாசித்தார்.

துடைத்தவனின் துப்பாக்கியும் நின்றது

பிரதிநிதிகள் அவையின் மிசௌரி உறுப்பினர் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில் ஒரு துணைக்குழு அமைந்தது. அதன் உறுப்பினர்கள் வியட்நாமுக்கே போய் வீரர்களிடம் பேசினார்கள். அங்கே கேட்டது வாஷிங்டனில் சொன்ன கதையோடு ஒத்துப்போகவில்லை. சுத்தம் செய்யாதவர்களின் துப்பாக்கி மட்டும் சிக்கவில்லை. நாள்தோறும், ஒரு நாளில் பலமுறையும் சுத்தம் செய்தவர்களின் துப்பாக்கியும் சிக்கியது. பெரும்பாலான கோளாறு ஒரே வகை: காலித் தோட்டா அறையை விட்டு வரவில்லை.

1967 அக்டோபரில் வந்த அறிக்கை கடுமையானது. கோளாறுகளுக்குப் பெருங்காரணம் உருண்டை மருந்துக்கு மாறியது என்றது. போதிய சோதனை இல்லாமல் அந்த மாற்றத்தைச் செய்ததையும், தெரிந்த பிறகும் திருத்தாமல் இருந்ததையும் கண்டித்தது. அதிகாரிகளின் செயலின்மை குற்றத்துக்குரிய அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்ற அளவுக்குப் போனது. பயிற்சியும் சுத்தம் செய்யும் பொருள்களும் கொடுக்காததையும் சேர்த்தே சொன்னது.

இங்கே ஒரு நுட்பத்தைத் தவறவிடக் கூடாது. சுத்தம் முக்கியமில்லை என்று அறிக்கை சொல்லவில்லை. துருவேறிய அறையில் எந்த மருந்தும் தோட்டாவை விடுவிக்காது. ஆனால் ஒருவன் எத்தனை முறை துடைத்தாலும், அளவுக்கு மீறிய வேகத்தில் திறக்கும் போல்ட்டை அவன் துணியால் நிறுத்த முடியாது. வீரனின் துடைப்பு தன் வேலையைச் செய்ய, அதற்கு முன் வேறு சிலர் தங்கள் வேலையைச் செய்திருக்க வேண்டும்.

திருத்தம்

திருத்தங்கள் அறிக்கைக்கு முன்பே தொடங்கியிருந்தன. வேகத்தைக் கட்டுப்படுத்த, பின்கட்டைக்குள் இருந்து போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபரைக் கனமாக்கினார்கள். 1967இல் தோட்டா அறைக்குக் குரோமியம் வந்தது. பிறகு குழல் முழுவதற்கும். மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவைக் குறைத்தார்கள். கம்பி, தூரிகை, எல்.எஸ்.ஏ. என்ற கெட்டியான எண்ணெய் ஆகியவை எல்லோருக்கும் போய்ச் சேர ஏற்பாடானது. 1970களின் தொடக்கத்தில் பின்கட்டையில் ஒரு பொந்தும் அதற்கொரு கதவும் வந்தன. லீ-என்ஃபீல்டில் இருந்த வசதி ஒரு வழியாக எம்16க்கும் வந்தது.

பயிற்சிக்கு ராணுவம் எடுத்த வழி இன்னும் சுவையானது. 'தி ஸ்பிரிட்' சித்திரக் கதையைப் படைத்த வில் ஐஸ்னர் 1951 முதல் ராணுவத்துக்காகப் பராமரிப்பு இதழ் ஒன்றுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். அவரைக் கொண்டு 32 பக்கச் சித்திரக் கையேடு ஒன்றைத் தயாரித்தார்கள். துப்பாக்கியைப் பெண்ணாக உருவகித்து, இன்று படித்தால் முகம் சுளிக்க வைக்கும் கிண்டலோடு எழுதிய கையேடு. ஆனால் பதினெட்டு வயதுப் பையன் அதைக் கையில் எடுத்தான், கடைசிப் பக்கம் வரை படித்தான். எந்தப் பாகத்தை முதலில் கழற்றுவது, கரி எங்கே ஒளிந்திருக்கும், எண்ணெய் எங்கே துளி, எங்கே தாராளம் என்று படம் போட்டுக் காட்டியது. தடிமனான ராணுவ விதிநூல் செய்யாத வேலையை அது செய்தது.

அந்தக் கையேட்டின் சாரம் இன்றும் மாறவில்லை. குழலைவிட அறையைக் கவனி; காலித் தோட்டா அங்கேதான் ஒட்டும். போல்ட்டின் பூட்டுப் பற்கள், கொக்கியின் அடிப்புறம், போல்ட்டைச் சுமக்கும் பாகத்தின் உட்குழி இவை கரியின் இருப்பிடம். தோட்டாவையும் மேகசினையும் உலர்ந்த துணியால் துடை. அவற்றுக்கு எண்ணெய் ஆகாது. மற்ற இடத்தில் எண்ணெய் இல்லாவிட்டால் உலோகம் உராயும். அதிகமானால் மணலை இழுத்துவைத்துக் குழம்பாக்கும்.

சுத்தம் என்ற பெயரில் துப்பாக்கியைக் கெடுத்தவர்களும் வரலாற்றில் உண்டு. த்ரீ நாட் த்ரீயின் புல்-த்ரூ கயிற்றைச் சாய்வாக இழுத்து இழுத்தே குழலின் வாயில் பள்ளம் விழுந்து, குறி தவறிய துப்பாக்கிகள் ஏராளம். அணிவகுப்புக்கு முன் பளபளப்புக்காகத் தேய்ப்பது வேறு, வேலை செய்வதற்காகத் துடைப்பது வேறு. முன்னது மேலதிகாரியின் கண்ணுக்கு. பின்னது அறைக்குள் போகும் அடுத்த தோட்டாவுக்கு.

மறுபடியும் அதே தீர்ப்பு

2003 மார்ச் 23. ஈராக்கின் நசிரியா நகரில் வழிதவறி நுழைந்த அமெரிக்க வாகன அணி ஒன்று தாக்குதலில் சிக்கியது. 33 பேரில் 11 பேர் இறந்தார்கள். பலருடைய துப்பாக்கிகள் நடுவில் நின்றுபோயின. அவை எம்16 குடும்பத்துத் துப்பாக்கிகள். குரோமியம், மருந்து, பஃபர் எல்லாம் சரியாகிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. பாலைவனச் சூழலில் தனிநபர்கள் தங்கள் ஆயுதத்தைப் போதிய அளவு பராமரிக்காதது காரணமாக இருக்கலாம் என்று ராணுவ அறிக்கை சொன்னது. அந்த அணியின் பெயர் 507ஆவது பராமரிப்புப் பிரிவு. வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்ப்பதே அவர்கள் தொழில்.

இந்த முறை தீர்ப்பில் நியாயம் கூடுதலாக இருந்தது. ஆனால் தனிநபர் என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டால் வியட்நாமின் பாடம் பாதிதான் விளங்கியதாக அர்த்தம். முன்வரிசைச் சண்டை நமக்கில்லை என்று நினைக்கும் பிரிவில் துப்பாக்கி துடைக்கும் பழக்கத்தை வளர்ப்பது ஒரு சிப்பாயின் சுபாவத்தைப் பொறுத்ததல்ல. நாள்கணக்கில் உறங்காமல் பாலைவனத்தில் வண்டி ஓட்டி வருபவர்களுக்கு, வண்டியை நிறுத்தி ஆயுதத்தைத் துடைக்க நேரம் ஒதுக்குவது தலைவனின் கட்டளை. துணியும் எண்ணெயும் கொடுப்பது கிடங்கின் கடமை. எந்த எண்ணெயை மணலில் எவ்வளவு இடவேண்டும் என்று சொல்லித்தருவது பயிற்சிக்கூடத்தின் பொறுப்பு. இவை அத்தனையும் நடந்த பிறகும் ஒருவன் துடைக்கவில்லை என்றால் அப்போது அவனைக் கேட்கலாம்.

ஐகார்ட் குழு செய்த பெரிய காரியம், ராணுவம் பழி சொன்ன வரிசையைத் தலைகீழாக்கியது. ராணுவம் கீழிருந்து மேலே விரல் நீட்டியது. குழு மேலிருந்து கீழே கேள்வி கேட்டது. மருந்தை மாற்றியது யார், சோதனை முடிவைப் படித்தது யார், கம்பியை அனுப்ப மறந்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் துடைக்காத வீரனிடம் வந்தது. இன்று அமெரிக்காவில் மட்டுமல்லாமல் உலகெங்கும் எத்தனையோ படைகள் எம்16இன் வாரிசுகளை நம்பி ஏந்துகின்றன என்றால், அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள்தான் காரணம்.

இதே வியட்நாம் காடுகளில், எதிர்த்தரப்பின் கையில் இன்னொரு துப்பாக்கி இருந்தது. சேற்றில் புதைத்து எடுத்தாலும் சுடும், சுத்தமே வேண்டாம் என்று பேர் வாங்கிய துப்பாக்கி. ஆனால் அதன் அறையும் குழலும் குரோமியம் பூசியவை. குழலுக்கு அடியில் துடைக்கும் கம்பி, பின்கட்டைப் பொந்துக்குள் தூரிகை முதலிய கருவிகள் அடங்கிய சிறு டப்பா. கூம்பிய வடிவத் தோட்டா அறையை எளிதில் விட்டு வரும். அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும்படி வடிவமைத்தவர்களே அதைத் துடைப்பதற்கான அத்தனை கருவிகளையும் துப்பாக்கியோடு சேர்த்தே கொடுத்திருந்தார்கள். அடுத்த இதழில், போரில் காயம்பட்டு மருத்துவமனையில் படுத்திருந்த டாங்கிப் படைச் சார்ஜண்ட் மிகயீல் கலாஷ்னிகோவிடம் போவோம்.

(தொடரும்)